மனையைச் சூழ்ந்த தேனீ, குளவி, பாம்பு முதலியன: தீங்கின்றிக் கையாளும் வழிகள்

வன்னிப் பெருநிலத்திலே காடும் குளமும் வயலும் மனையும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்துள்ளன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களின் கீழ் நெற்செய்கையும், மேட்டுநிலத்திற் காய்கறிச் செய்கையும் புரியும் கமக்காரர், பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் காட்டின் ஓரத்திலேயே குடியிருக்கின்றனர். ஆதலாற் காட்டில் வாழும் உயிர்கள் வளவிற்குள்ளும் வருவது இயல்பே. கூரையிற் குளவியும், சுவர்ப் பொந்திற் தேனீயும், விறகு அடுக்கிற் பாம்பும் காணப்படாத மனை இப்பகுதியில் அரிது.

2009 ஆம் ஆண்டிற்குப் பின்னர் மீளக் குடியேறிய குடும்பங்கள் பல, தம் பழைய வளவுகள் பற்றை மண்டியும், வீடுகள் கூரையிழந்தும், கிணறுகள் தூர்ந்தும் கிடக்கக் கண்டன. ஆளில்லாத அவ்வீடுகளிலே தேனீயும் பாம்பும் வௌவாலும் குடியேறியிருந்தன. வளவைத் துப்புரவு செய்து வாழத் தொடங்கிய பின்னரும் அவை முற்றாக அகன்றுவிடவில்லை. இவற்றைக் கண்டவுடன் தீயிட்டும் மருந்தடித்தும் அழித்துவிட முயல்வோர் உளர். அம்முயற்சியாற் சில வேளை உயிருக்கே கேடு விளைகின்றது. உயிர்க்கேடு நேராவிடினும் பயிருக்கு இழப்பு நேர்கின்றது. எதனை அகற்றவேண்டும், எதனை அதன் போக்கில் விடவேண்டும், அகற்றுவதாயின் எவ்வாறு அகற்றவேண்டும் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

தேனீயினாற் கமக்காரர் பெறும் பயன்

நெல்லிலே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் தன் பூவிற்குள்ளேயே நிகழ்வதால் அதற்குத் தேனீயின் உதவி வேண்டியதில்லை. காய்கறிகளின் நிலை வேறு. பூசணி, நீற்றுப்பூசணி, வெள்ளரி, பாகல், பீர்க்கு ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றுகின்றன. ஆண் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பும் பாரமும் உடையது, காற்றினாற் பரவுவதன்று. அதனைப் பெண் பூவிற்குக் கொண்டுசேர்ப்பவை தேனீக்களும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த வண்டுகளுமே. பூசணியின் பெண் பூ ஒரு நாட் காலையில் மாத்திரமே விரிந்திருக்கும், நண்பகலுக்குள் வாடிவிடும். அச்சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்து செல்லாவிடிற் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், அல்லது ஒருபுறம் சூம்பிய காயாகும். பசளை போதாமையினாலோ நோயினாலோ பிஞ்சு உதிர்கின்றதெனக் கருதி மேலும் மருந்து தெளிக்கும் கமக்காரர், தேனீ இல்லாமையே காரணம் என்பதை அறியாது பணத்தை இழக்கின்றனர்.

கத்தரி, தக்காளி ஆகியவற்றின் பூவில் மகரந்தம் சிறு குழல் போன்ற பையினுள் அடைபட்டிருக்கின்றது. கருவண்டு போன்ற சில இனங்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அம்மகரந்தத்தை உதிர்க்கின்றன. வீட்டு வளையில் துளையிடும் அதே கருவண்டுதான் கத்தரித் தோட்டத்தில் இவ்வேலையைச் செய்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

தேனீ வகைகளை அறிந்துகொள்ளல்

எல்லாத் தேனீயும் ஒரே தன்மையின அல்ல. வகையறியாது செய்யும் காரியமே பெரும்பாலான விபத்துக்களுக்குக் காரணமாகின்றது. இப்பகுதியிற் காணப்படும் வகைகள் நான்கு.

முதலாவது பெருந்தேனீ, இதனை மலைத்தேனீ என்றும் கூறுவர். சிங்களத்தில் இது பம்பர எனப்படும். இது மருது முதலிய பெருமரங்களின் கிளையிலும், தண்ணீர்த் தாங்கியின் அடியிலும், கோயிற் கோபுரத்திலும், பாடசாலை மாடியிலும் திறந்த வெளியில் ஒரே பெரிய அடையைத் தொங்கவிட்டு வாழும். ஒரு கூட்டிற் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். கலைக்கப்பட்டாற் கூட்டமாகத் திரண்டு நெடுந்தூரம் துரத்திக் கொட்டும். உயிராபத்து விளைவிப்பது பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது அடுக்குத் தேனீ. மரப்பொந்து, புற்று, சுவர் இடுக்கு, கவிழ்ந்து கிடக்கும் பானை முதலிய இருண்ட இடங்களிற் பல அடைகளை வரிசையாக அமைத்து வாழும். பெருந்தேனீயை நோக்கச் சாதுவானது. பெட்டியில் வைத்து வளர்க்கத்தக்கது இதுவே.

மூன்றாவது கொம்புத் தேனீ. எலுமிச்சை போன்ற செடிகளின் சிறு கொம்பிலே கையளவு அடை ஒன்றைக் கட்டும். எளிதிற் கொட்டாது. தொந்தரவு செய்யாதவிடத்து இதனை அகற்ற வேண்டிய தேவை இல்லை.

நான்காவது கொசுத் தேனீ. நுளம்பினும் சற்றே பெரிய இது, சுவர் வெடிப்பிற் குடியிருந்து வாயிலில் மெழுகுக் குழாய் ஒன்றை நீட்டியிருக்கும். இதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. இதனைக் கண்டு அஞ்சிச் சுவரைப் பூசி அடைத்தல் வீண் செயலாகும்.

பெருந்தேனீக் கூடு மனையருகே இருப்பின்

பெருந்தேனீ ஆண்டு முழுவதும் ஓரிடத்திற் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்ததும் அடையைக் கைவிட்டு வேறிடம் செல்லும். ஆதலால் ஆள் நடமாட்டம் இல்லாத மரத்தில் உயரத்தே உள்ள கூட்டை அப்படியே விட்டுவிட்டு, அது தானே கலைந்து போகும்வரை பொறுத்திருத்தலே சிறந்த வழி. அக்காலத்திற் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

கூட்டிற்குக் கீழேயும் காற்று அதனை நோக்கி வீசும் பக்கத்திலும் குப்பையோ சருகோ எரித்தலாகாது. சிறுவர் கல்லெறியாதவாறு தடுத்தல் வேண்டும். கோயில் விழாக்களில் அவ்விடத்தே வெடி கொளுத்தலாகாது. உழவு இயந்திரத்தையும் நீர் இறைக்கும் இயந்திரத்தையும் கூட்டின் அடியில் நிறுத்தி இயக்குதல் தவிர்க்கப்பட வேண்டும். ஆடு மாடுகளை அம்மரத்திலோ அதன் அண்மையிலோ ஒருபோதும் கட்டலாகாது. தேனீ கலைந்தால் மனிதர் ஓடித் தப்பலாம். கட்டிய மாட்டிற்கு ஓட வழியில்லை. அதனை அவிழ்க்கச் செல்பவரும் அகப்பட்டுக்கொள்வர்.

மனிதர் யாதும் செய்யாதபோதும் கூடு கலைவதுண்டு. தேன்பருந்து அடையைப் பிய்க்க வரும்போது சினங்கொண்ட தேனீக்கள் கீழே நிற்போரையும் தாக்கும். சிகிரியாக் குன்றில் ஏறுவோர் இத்தகைய தாக்குதலிலிருந்து தப்புவதற்கென வலையடித்த காப்பறைகள் அங்கு அமைக்கப்பட்டுள்ளன. இதனால் பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, கிணற்றடி போன்ற மக்கள் கூடும் இடங்களில் உள்ள பெருந்தேனீக் கூட்டைப் பொறுத்திருக்காது அகற்றுவித்தல் வேண்டும். அவ்வேலையை அனுபவமுள்ள தேன் எடுப்போரே தக்க உடையுடன் இரவிற் செய்தல் வேண்டும். கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் அறிவித்து, அயல் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி, அன்றிரவும் மறுநாட் காலையும் கதவு யன்னல்களை மூடி வைக்கச் செய்தல் அவசியம். கூட்டை அகற்றிய கிளையில் மெழுகின் மணம் நிலைத்திருந்தால் மறுபருவத்திலும் தேனீ அவ்விடத்தை நாடும். எனவே எஞ்சிய மெழுகைச் சுரண்டி எடுத்துவிடல் வேண்டும்.

பெற்றோல் அல்லது மண்ணெய் தோய்த்த பந்தத்தாற் கூட்டைக் கொளுத்துவது மிகவும் ஆபத்தானது. எரியும் அடையின் துண்டுகள் விழுந்து கிடுகுக் கூரையும் வைக்கோற் போரும் தீப்பற்றும். தப்பிய தேனீக்கள் மறுநாள் முழுவதும் அவ்விடத்தைச் சுற்றித் திரிந்து எதிர்ப்பட்டோரைக் கொட்டும். மேலும், கண்ணிவெடி நீக்கப்பட்டதென அறிவிக்கப்படாத பற்றைக் காணியிலும், செந்நிறத் தலையோட்டு அடையாளப் பலகை நாட்டப்பட்ட இடத்திலும் தேனெடுக்கப் புகுவதோ தீ வைப்பதோ எக்காரணங்கொண்டும் ஆகாது.

சுவரிலும் கூரையிலும் குடியேறிய தேனீ

அடுக்குத் தேனீ சுவர்ப் பொந்தில் அல்லது சீலிங்கின் மேற் குடியேறியிருந்தால் அதனைக் கொல்லாது பெட்டிக்கு மாற்றலாம். மருந்தடித்துக் கொன்றால் உள்ளே தங்கிய தேன் உருகி ஒழுகும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் எலியும் வந்து சேரும். வாயிலை மாத்திரம் அடைத்துவிட்டால் தேனீக்கள் வேறு இடுக்கு வழியாக வீட்டிற்குள்ளேயே புகும்.

மாற்றும் முறை வருமாறு. மழையில்லாத நாளில், மாலைப் பொழுதில், முகவலையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து, தென்னந்தும்பைப் புகையவிட்டு வாயிலில் மெதுவாக ஊதல் வேண்டும். புகை தேனீயைக் கொல்வதில்லை. அது எச்சரிக்கை மணத்தை மறைப்பதுடன், தேனீக்களைத் தேன் உண்ணத் தூண்டிச் சாந்தமாக்குகின்றது. பின்னர் பலகையையோ கல்லையோ நீக்கி அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தல் வேண்டும். புழுவும் கூட்டுப்புழுவும் உள்ள அடைகளைப் பெட்டியின் சட்டங்களில் வாழைநாரினாற் கட்டித் தொங்கவிட வேண்டும். தேன் அடைகளைத் தனியே எடுத்துவிடலாம். இராணித் தேனீ பெட்டிக்குள் வந்து சேர்ந்தால் ஏனையவையும் அதனைத் தொடரும். இராணி வெளியில் நின்றுவிட்டால் எல்லாம் பறந்துபோம். ஆதலால் இராணியைக் கண்டுபிடித்து, சிறு கூட்டில் அடைத்து, அடைகளுக்கிடையே வைத்தல் முதன்மையானது. இருட்டும்வரை பெட்டியைப் பழைய வாயிலின் அருகே வைத்திருந்து, தேனீக்கள் அடங்கிய பின் எடுத்துச் செல்லல் வேண்டும். பெட்டியை அண்மையிலேயே சற்றுத் தூரம் தள்ளி வைத்தால் தேனீக்கள் பழைய இடத்திற்கே திரும்பும். ஆகவே முதலில் இரண்டு மைலுக்கு அப்பாற் சில வாரம் வைத்திருந்து பின்னர் விரும்பிய இடத்திற்குக் கொணர்தல் வழக்கம்.

காலியான பொந்தைச் சுத்தம் செய்து சீமெந்தால் அன்றேல் களிமண்ணால் இறுக அடைத்தல் வேண்டும். கால் அங்குல இடைவெளியும் போதும், தேனீ மீண்டும் நுழையும். காற்றுத் துவாரங்களுக்கு நுண்ணிய கம்பிவலை அடித்தல் நன்று.

இத்தேனீக்கேற்ற சிறு பெட்டி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் நியூற்றன் என்னும் பாதிரியார் அமைத்த வடிவத்தைத் தழுவியது. அவர் பெயராலேயே அது நியூற்றன் பெட்டி எனப்படுகின்றது. இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு நிலையம் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவையில் உள்ளது. பெட்டியை நிழலில், எறும்பு ஏறாதவாறு கால்களை நீர் நிரப்பிய சிரட்டையிலோ தகரத்திலோ நிறுத்தி வைத்தல் வேண்டும். வீட்டு வாயிலிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் தள்ளி, பறக்கும் வழி வேலிக்கு அப்பால் உயர்ந்து செல்லுமாறு அமைத்தால் வீட்டாருக்குத் தொல்லையில்லை.

திரளும், நீரும், விளக்கும்

சில வேளைகளில் தேனீத் திரள் ஒன்று திடீரென வந்து வேலிக் கதியாலிலோ மாமரக் கொப்பிலோ கொத்தாகத் தொங்கும். இது புதிய இருப்பிடம் தேடிச் செல்லும் கூட்டம். அதற்குக் காக்கவேண்டிய அடையோ குஞ்சோ இன்மையால் எளிதிற் கொட்டாது. பெரும்பாலும் ஓரிரு நாளிற் பறந்துபோம். சிறுவரையும் கால்நடையையும் விலக்கி வைத்தால் மட்டும் போதும்.

சிறுபோகத்துக் கடுங்கோடையிலே தேனீ நீர் தேடிக் கிணற்றுக் கட்டிற்கும் நீர்க்குழாய்க்கும் வரும். தட்டையான சட்டி ஒன்றிற் கற்களை இட்டு நீர் நிரப்பி, வளவின் ஒரு மூலையில் நாடோறும் வைத்துவந்தால் அவை அங்கு பழகிவிடும். கோடை தொடங்குமுன்பே இதனைச் செய்தல் வேண்டும். கிணற்றடிக்குப் பழகிவிட்ட தேனீயைத் திருப்புவது கடினம்.

பெருந்தேனீ நிலவொளியிலும் பறக்கவல்லது. இரவில் மின்விளக்கை நாடி வரும். கூடு அண்மையில் உள்ள காலத்தில் முற்றத்து விளக்கை வேளையோடு அணைத்தலும், யன்னலுக்கு வலையிடுதலும் வேண்டும். காலையில் விளக்கடியில் இறந்து கிடக்கும் தேனீயின் கொடுக்கும் தைக்கும். ஆகவே வெறுங்காலுடன் நடவாது கூட்டித் தள்ளல் வேண்டும்.

குளவிகள்

மண்ணாற் சிறு கலயம் போற் கூடு கட்டும் வேட்டுவக் குளவி தனித்து வாழ்வது. மனிதரைத் தேடிக் கொட்டாது. கூட்டிற் புழுவைச் சேர்த்து வைப்பதால் தோட்டத்திற்கு நன்மையே செய்கின்றது. கூரை இறப்பிலே காகிதம் போன்ற கூடு கட்டும் குளவியும், பொந்திலும் மரத்திலும் பெருங்கூடு கட்டும் பெருங்குளவியும் கூட்டைக் காக்கும் பொருட்டுக் கூட்டமாகத் தாக்கும். தேனீ ஒருமுறை கொட்டியதும் கொடுக்கை இழந்து இறக்கும். குளவியோ மீண்டும் மீண்டும் கொட்டவல்லது.

ஆதலாற் குளவிக் கூட்டைத் தொடக்கத்திலேயே கவனித்தல் வேண்டும். தொடக்கத்தில் ஒரு குளவி மாத்திரமே சில அறைகளைக் கட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை இறப்பையும் யன்னல் மேற்புறத்தையும் பார்த்து, அந்நிலையிலேயே நீண்ட கழியாற் தட்டிவிட்டால் இலகுவில் முடியும். கூடு பெருத்துவிட்டாற் கழியை எடுத்தலாகாது. அனுபவமுள்ளவரை அழைத்தல் வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியை வீட்டுக்குள் குளவிக்கோ தேனீக்கோ அடித்தல் வீட்டாருக்கே நஞ்சாகும்.

வளையிலும் தீராந்தியிலும் துளையிடும் கருவண்டைத் தடுக்க மரத்திற்கு வர்ணம் பூசுதலும், வண்டு வெளிப்பட்ட பழந்துளைகளை அடைத்தலும் போதும். மூங்கிற் துண்டுகள் சிலவற்றைத் தோட்டத்து ஓரத்திற் கட்டிவைத்தால் அது அங்கு குடியேறி, கத்தரிக்கும் தக்காளிக்கும் உதவும்.

தேனீ தாக்கினால் செய்யவேண்டியவை

தேனீ திரண்டு வந்தால் நின்ற இடத்தில் நின்று கைவீசலாகாது. சாரத்தாலோ சட்டையாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கண்ணுக்கு வழிதெரியுமளவு விட்டு, ஓடிச் சென்று வீட்டிற்குள்ளோ வாகனத்திற்குள்ளோ புகுந்து கதவை அடைத்தல் வேண்டும். குளத்திலோ கிணற்றிலோ குதிப்பது தவறு. தேனீ மேலே காத்துநின்று தலை நீட்டும்போது கொட்டும், நீரில் மூழ்கும் ஆபத்தும் உண்டு. ஒரு தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ மணம் போன்ற ஒரு மணம் எழுந்து ஏனைய தேனீக்களை அங்கு அழைக்கின்றது. விரைந்து அவ்விடத்தை விட்டகல வேண்டியதற்கு அதுவே காரணம்.

காப்பான இடத்தை அடைந்ததும் தோலிற் தங்கிய கொடுக்குகளை உடனே நீக்கல் வேண்டும். நகத்தாற் சுரண்டியேனும் பிடுங்கியேனும் விரைவில் எடுப்பதே முக்கியம். முறையைப் பற்றி எண்ணித் தாமதிக்குந்தோறும் கொடுக்கோடு ஒட்டிய பையிலிருந்து நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தல் போதும். சுண்ணாம்பு, வெங்காயம் முதலியன தேடி நேரத்தை வீணாக்கலாகாது.

உதடு, நாக்கு, கண்மடல் வீங்குதல், உடலெங்கும் தடித்தல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும், ஒரே தேனீ கொட்டியிருந்தாலும், அது உயிராபத்தின் அறிகுறி. இவை சில நிமிடங்களிலேயே தோன்றக்கூடும். இதற்குரிய மருந்தாகிய அட்ரினலின் ஊசி வைத்தியசாலையிற் கிடைக்கும். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அது தாமதிக்குமெனத் தோன்றின் கிடைத்த வாகனத்திற் புறப்படல் வேண்டும். வாயினுள் அல்லது தொண்டையிற் கொட்டப்பட்டவரையும், பல இடங்களிற் கொட்டப்பட்ட சிறுவர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோரையும் தாமதமின்றிக் காட்டுதல் வேண்டும். பல கொட்டுக்கள் பெற்ற வளர்ந்தவர் அன்று நலமாகத் தோன்றினும் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நஞ்சினாற் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, அடுத்த நாட்களிற் சிறுநீர் குறைதலும் கறுத்தலும் உண்டாகலாம்.

பாம்புகள்

இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 பேர் பாம்பினாற் கடிக்கப்படுகின்றனர் என்றும், 400 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்றும் 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2017 இற் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. இக்கேட்டிற்கு அதிகம் உட்படுவோர் கமக்காரரே.

பாம்பு வீட்டிற்கு வருவது எலியையும் தவளையையும் தேடியே. நெல் மூடை, சிந்திய தானியம், கோழித்தீன் ஆகியவை எலியை அழைக்கின்றன. எலி பாம்பை அழைக்கின்றது. விறகு, ஓடு, கல், வைக்கோல் ஆகியவற்றை வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்காது தள்ளி, நிலத்தினின்று உயர்த்தி வைத்தல் வேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்து அடிக்கேனும் புல்லைச் செதுக்கி வெறுநிலமாக வைத்திருத்தல் நன்று.

கண்ணாடி விரியன், அதாவது முத்திரைப் புடையன், வயல் வரப்பிலும் அறுவடைக் களத்திலும் மிகுதி. பொழுதுபட்டபின் நடப்போர் மின்சூளும் சப்பாத்தும் இன்றிச் செல்லலாகாது. எட்டடி விரியன் எனப்படும் கட்டு விரியன் இரவில் வீட்டினுள் வந்து நிலத்திற் படுத்துறங்குவோரைக் கடிக்கும். அக்கடி பெரும்பாலும் நோவதில்லை, தடமும் தெரிவதில்லை. விடியலில் வயிற்று நோவுடன் எழுந்து, கண்ணிமை தாழ்ந்து, பேச்சுக் குழறினால் அதனை வயிற்றுக் கோளாறென எண்ணிக் காத்திருந்து உயிரிழந்தோர் உளர். கட்டிலிற் படுத்தலும், பாயிற் படுப்பின் நுளம்புவலையைப் பாயின் அடியிற் செருகிவிடுதலும் இதற்குச் சிறந்த காப்பு.

கடியுண்டவரை நடக்கவிடாது கிடத்தி, கடித்த உறுப்பை அசையாதவாறு பலகை வைத்துக் கட்டி, மோதிரம் வளையல்களைக் கழற்றி, நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், கல் வைத்தல் ஆகியன பயனற்றவை, தீங்கும் செய்வன. பாம்பைப் பிடித்துச் செல்லவேண்டியதில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பயன்படும் நச்சுமுறிவு மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படுகின்றது. நஞ்சற்ற சாரைப்பாம்பு எலியைத் தின்று நெல்லைக் காப்பது. அதனைக் கொல்லுதல் எலிக்கு உதவுதலாகும்.

எலி, குரங்கு, யானை

எலியின் சிறுநீர் கலந்த சேற்றினால் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. காலிற் புண்ணுடன் வயலில் இறங்குவோர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பெற்றுக்கொள்ளல் வேண்டும். காய்ச்சலும் தசை நோவும் தோன்றின் வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாது கூறல் வேண்டும்.

குரங்கிற்கு உணவு கொடுத்துப் பழக்கலாகாது. சமையலறைக் கதவை மூடி வைத்தலும், கூரைமேற் சாயும் கிளைகளை வெட்டுதலும் பயன் தரும். நாய், குரங்கு, கீரி முதலியன கடிப்பினும் கீறினும் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, விசர்நோய்த் தடுப்பூசிக்காக அன்றே வைத்தியசாலை செல்லல் வேண்டும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற பகுதிகளில் யானை மனைவரை வருவதுண்டு. உறங்கும் அறையில் நெல் மூடைகளை அடுக்கினால் அவற்றின் மணத்திற்கு யானை சுவரை இடித்துப் புகும். நெல்லைத் தனிக் களஞ்சியத்தில் வைத்தல் உயிருக்குக் காப்பாகும். வீட்டு மின்னோட்டத்தை நேரே வேலிக் கம்பியில் இணைத்தல் சட்டத்திற்கு மாறானது. யானைக்கு வைத்த கம்பியில் வீட்டுச் சிறுவரும் அயலாரும் அகப்படலாம். கலவரப்பட்ட தேனீக்களின் ஒலியைக் கேட்ட இலங்கைக் காட்டு யானைகள் பின்வாங்கியமை 2018 இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. தேன்பெட்டிகளைக் கம்பியிற் தொங்கவிட்டு அமைக்கும் வேலி கென்யாவிற் கையாளப்பட்டு, இலங்கையில் வசுகாமுவப் பகுதியிலும் பரீட்சிக்கப்பட்டுள்ளது. எமது தேனீ ஆபிரிக்கத் தேனீயிலும் சாதுவானதாகையால், இவ்வேலியை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

மருந்து தெளிக்கும் வேளை

தேனீயை வீட்டருகிற் காத்தவர் தோட்டத்தில் அதனைக் கொன்றுவிடலாகாது. பூசணி, வெள்ளரி, பாகல் முதலியவற்றிற்குப் பூச்சிநாசினி தேவைப்படின், பூக்கள் கூம்பித் தேனீ கூடு திரும்பிய மாலை வேளையிலேயே தெளித்தல் வேண்டும். பூத்திருக்கும் களைகளை முன்னரே அகற்றல் வேண்டும். இமிடகுளோபிரிட் போன்ற மருந்துகள் தேனீக்குக் கொடிய நஞ்சு. பூக்கும் காலத்தில் அவற்றைத் தவிர்த்தல் நன்று. தேனீ குறைந்த தோட்டத்திற் காலை ஒன்பது மணிக்கு முன் ஆண் பூவைப் பறித்து, இதழ் நீக்கி, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினாற் காய் பிடிக்கும். பத்துக் கொடிக்கு இது இயலும். ஓர் ஏக்கருக்கு இயலாது. தேனீ அதனைக் கூலியின்றிச் செய்கின்றது.

முடிவாக, மனையருகே வரும் உயிர் எதுவாயினும் முதலில் அதன் வகையை அறிதல் வேண்டும். அது ஏன் வந்தது என்பதை ஆராய்ந்து அக்காரணத்தை நீக்கல் வேண்டும். மக்கள் நடமாடும் இடத்திலுள்ள பெருந்தேனீயையும் பெருங்குளவியையும் தக்கவரைக் கொண்டே அகற்றல் வேண்டும். ஏனையவற்றை அவற்றின் போக்கில் விடல் வேண்டும். ஆபத்து நேரின் வைத்தியசாலையை நாடுவதிற் கணமும் தாமதிக்கலாகாது. தேனீ வளர்ப்புப் பற்றியும் மருந்துத் தெளிப்புப் பற்றியும் மேலும் அறிய விரும்பும் கமக்காரர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், யானை முதலிய காட்டு விலங்குகள் பற்றி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மை அலுவலகத்தையும் அணுகிப் பயன்பெறுவாராக.